மரப்பட்டறையோடு ஓர் அறை சேர்க்கும்போது



புது வீடு கட்டுவதைப் பற்றி யோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பட்டறையைப் பத்தடி நீட்ட வேண்டும் என்றால் மட்டும், "அதுக்கென்ன, நாலு சுவர் எழுப்பி ஷீட்டைப் போடுங்க" என்று சொல்லி விட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பத்தடியில்தான் அடுப்படிக் காற்று, பிள்ளைகளின் மூச்சு, கைச்சேமிப்பு எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது வீட்டில் இருக்கிற நமக்குத்தான் தெரியும். ஆகவே இந்த இதழில் எங்கள் வீட்டுப் பட்டறையையே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் மண். வீட்டுக்கு மேற்கே, அடுப்படியிலிருந்து பத்தடி தள்ளி, என் மாமனார் 1978-இல் கட்டிய ஓட்டுச் சாய்ப்புப் பட்டறை இருக்கிறது. கதவு, ஜன்னல், கட்டில், பீரோ எல்லாம் அங்கேதான் உருவாகும். அறுப்பதும், இழைப்பதும், பாலிஷ் போடுவதும் ஒரே இடம். பாலிஷ் காய்வதற்குள் மரத்தூள் பறந்து வந்து ஒட்டிக்கொண்டால், கையால் தடவினால் ரவை மாதிரி நெருடும். அப்படி ஒரு ஜோடிக் கதவு திரும்பி வந்தது. மறுபடி தேய்த்து, மறுபடி பூசி, கூலி போனதுதான் மிச்சம். அதற்குப் பிறகு, "பாலிஷுக்குத் தனி ரூம் இல்லாம இனி ஆகாது" என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார்.

எங்கே கட்டுவது என்பதில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அவர் காட்டிய இடம் அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடுவில் இருந்த அந்தப் பத்தடிச் சந்து. ஒரு பக்கம் அடுப்படிச் சுவர், மறுபக்கம் பட்டறைச் சுவர், இரண்டும் தயாராக நிற்கின்றன. இன்னும் இரண்டு குட்டைச் சுவர் எழுப்பினால் அறை முடிந்தது. கொத்தனார் போட்ட கணக்கு 1,60,000 ரூபாய். பட்டறைக்கு வடக்கே தனியாகக் கட்டினால் 2,60,000. ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம் சகோதரிகளே, சும்மாவா?

ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் மேலைக்காற்று அள்ளிக்கொண்டு வரும். மேற்கே இருக்கிற பட்டறைத் தூள் நேரே அடுப்படிக்குத்தான் வரும். அதை ஓரளவு தடுத்தது அந்தச் சந்துதான். அதை அடைத்து, அடுப்படி ஜன்னலையும் மூடி, சுவருக்கு அந்தப் பக்கம் தின்னர் டப்பாவும் இந்தப் பக்கம் காஸ் அடுப்புமாக வாழ முடியுமா? தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தவழும். வாசலிடுக்கு வழியாக அடுப்பு வரைக்கும் வந்து குப்பென்று பற்றிக்கொள்ளக் கூடியது. அதோடு, மூத்த மகள் அந்தத் தையில் தலைப்பிரசவத்துக்கு வரப் போகிறாள். அவளுக்கு என்று ஒதுக்கியிருந்த அறை அடுப்படிக்கு அடுத்தது. தின்னரில் டொலுவின் போன்ற ரசாயனங்கள் இருக்கும். கர்ப்பிணிகள் அந்த வாடையைச் சுவாசிக்கலாகாது.

சின்னவனுக்கு ஐந்து வயதில் இளைப்பு வந்தபோது, டாக்டர் மார்பில் குழாயை வைப்பதற்கு முன்னால், "வீட்டில் என்ன தொழில்?" என்றுதான் கேட்டார். மரத்தூள் சாதாரணத் தூசி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-லேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. முக்கியமாகக் கெட்டி மரத்தின் தூள், பல வருஷம் சுவாசித்தால் மூக்குக்குள் புற்று வரக்கூடும். தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். கண்ணுக்குத் தெரிகிற சுருளும் பொடியும் கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூள்தான் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் இறங்கும்.

இதையெல்லாம் நான் ஒரே நாளில் சொல்லவில்லை. சோறு போடும்போது ஒன்று, காப்பி கொடுக்கும்போது ஒன்று என்று பத்து நாள் சொன்னேன். பதினோராம் நாள் அவரே டேப்பை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் அளக்கப் போனார். கூடுதல் ஒரு லட்சத்தில் பாதி சீட்டுப் பணம். மீதிக்கு என் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. ஒன்று திரும்பி வந்துவிட்டது, மற்றது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வடக்கே என் அத்தை வைத்த முருங்கை நின்றது. "மரத்தை வெட்டி மர வேலை செய்யப் போறீகளாக்கும்" என்று அத்தை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கரிசல் மண்ணில் மரம் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் இருந்தால், கோடையில் வேர் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மண் இன்னும் சுருங்கும். சுவர் வெடிக்கும். இதை அத்தையிடம் சொல்லிப் பயனில்லை. முருங்கைப் போத்து ஒன்றை வெட்டிக் கிணற்றடியில் ஊன்றி, அது துளிர் விட்ட பிறகு பழையதை எடுத்தோம்.

இனிக் கட்டுமானத்துக்கு வருகிறேன். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழும். அதன் மேல் மூன்றடி வானம் தோண்டிக் கல் போட்டுச் சுவர் எழுப்பினால் வருஷா வருஷம் சுவரும் மூச்சு விடும். ஆகவே தெரிந்த இன்ஜினீயர் தம்பி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கொத்தனாருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்தத் தம்பி சொன்ன மூன்று விஷயங்கள் எங்களுக்குப் பெரிய உதவி.

முதலாவது, தொடர்ச்சியாக வானம் தோண்டாமல் ஆறு குழிகள். கரிசல் தாண்டிச் சுக்கான் தட்டுப்படுகிற வரைக்கும் தோண்டி, அங்கேயிருந்து கான்கிரீட் தூண் எழுப்புவது. எங்களுக்கு ஆறடியில் சுக்கான் வந்தது. தூண்களைத் தரைக்கு மேல் பீம் கட்டி இணைத்து, அதன் மேல்தான் சுவர். தளத்துக்குக் கீழே கரிசலை அள்ளி எடுத்துவிட்டு மணலும் கிராவலும் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்தோம்.

இரண்டாவது, பழைய சுவரை ஒட்டித் தோண்டவே கூடாது. புதுக் குழி பழைய அஸ்திவாரத்தைவிட ஆழமாகப் போனால் அதன் அடிமண் சரிந்து பழைய சுவர் இறங்கிவிடும். அதனால் அந்தப் பக்கத்துத் தூண்களை இரண்டடி தள்ளி வைத்து, பீமை மட்டும் பழைய சுவர் வரைக்கும் நீட்டி விட்டார்கள்.

மூன்றாவதுதான் கொத்தனாருக்குப் பிடிக்கவே இல்லை. பழைய சுவரில் செங்கல்லைப் பெயர்த்துப் பல் விட்டு, புதுச் சுவரைக் கோத்துக் கட்டுவதுதான் அவருக்குப் பழக்கம். "கோக்காம விட்டா ரெண்டும் ரெண்டு வீடு மாதிரில்ல அக்கா நிக்கும்?" என்றார். இரண்டு வீடு மாதிரி நிற்கத்தான் வேண்டும்! நாற்பத்தைந்து வருஷமாக உட்கார்ந்துவிட்ட சுவரும், இனிமேல் உட்காரப் போகிற சுவரும் ஒரே அளவில் இறங்காது. கோத்துவிட்டால் கோத்த இடத்தில்தான் கிழியும். அரை அங்குலம் இடைவெளி விட்டு, இழுத்தால் நீளுகிற சீலண்ட் பசையை அடைத்தோம்.

பழைய சுவரில் ஐந்தடி வாசல் திறந்தோம். 8-க்கு 4 அடி பிளைவுட் ஷீட்டைக் கிடையாகத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டுமே. 19 மில்லி ஷீட் ஒன்று 35 கிலோ வரும், வாசல் இடித்தால் விரல்தான் நசுங்கும். திறப்பதற்கு முன்னால் மேலே முட்டுக் கொடுத்து, சுவரின் பாதிக் கனத்துக்கு ஒரு லிண்டல், அது இறுகிய பிறகு மறு பாதிக்கு ஒன்று என்று வைத்துவிட்டுத்தான் கீழே இடித்தார்கள். அந்த இரண்டு வாரமும் பழைய பட்டறையில் யாரையும் வேலை செய்ய விடவில்லை. இரு அறைத் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி தண்ணீர்க் குழாய் வைத்துப் பார்த்துக்கொண்டோம். வாசலில் ஒரு விரல் உயரம் மேடு இருந்தாலும் பாரத்தோடு வருகிறவர் தடுக்கி விழுவார்.

கூரைக்கு என் ஆசை மங்களூர் ஓடுதான். 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்து ஆரம்பித்த அந்த ஓடு, எங்கள் பழைய பட்டறையில் இன்றைக்கும் குளுகுளுவென்று இருக்கிறது. ஆனால் ஓட்டுக்கு இரண்டடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு வேண்டும். பத்தடி அகலத்துக்கு ஐந்தடி இறக்கினால் கடைசியில் குனிந்துதான் நிற்க வேண்டும். புதுக் கூரையை உயர்த்திப் பழையதோடு முட்ட விட்டால் நடுவில் தண்ணீர் தேங்குகிற பள்ளம் விழும், ஒழுகுவது அங்கேதான். அதனால் பழைய ஓட்டு இறவாரத்துக்குக் கீழே செருகின மாதிரி, கொஞ்சம் சரிவோடு தகரச் சாய்ப்பு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விலை குறைவு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அந்த நாரும் புற்றுநோய்ப் பட்டியலில் அதே முதல் பிரிவில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம் என்றுவிட்டோம். தகரத்தில் சூடு அதிகம், உண்மைதான். வெளிர் நிறத் தகடாக வாங்கி, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்ததில் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. வெளிச்சத்துக்கு இரண்டு இடத்தில் ஒளி ஊடுருவும் ஷீட்.

வைகாசியில் தொடங்கி ஆடி பிறப்பதற்குள் கான்கிரீட் வேலையை முடித்தோம். இது 2023-இல். எங்கள் பக்கம் கோடையில் தண்ணீர் லாரியில்தான் வரும். என்றாலும் கான்கிரீட்டைப் பத்து நாள் காயவிடக்கூடாது. தூணில் சாக்கைச் சுற்றி, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நானும் சின்னவனும் நனைத்தோம். பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றலாமா என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டார். சோப்பும் உப்பும் இல்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மிஷின்களுக்கு 15 ஆம்ப் பிளக், 2.5 சதுர மில்லி வயர், எர்த், அதோடு ஷாக் அடித்தால் நொடியில் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் டிரிப்பர். பாலிஷ் அறைக்குள் ஸ்விட்சே கிடையாது. ஸ்விட்ச் தட்டும்போது வருகிற சின்னப் பொறி போதும், ஆவி பற்றிக்கொள்ள. ஸ்விட்சை வெளிச்சுவரில் வைத்து, உள்ளே மூடிபோட்ட விளக்கு போட்டோம். ஆவி தரையோடு போவதால், வடக்கிலும் மேற்கிலும் தரைக்கு அரையடி மேலே வலை அடித்த திறப்புகள் விட்டிருக்கிறோம். வேலை தொடங்குமுன் பஞ்சாயத்து அனுமதியையும், மின்வாரிய அலுவலகத்தில் மிஷின் ஓட்ட எந்த இணைப்பு வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறை கட்டினால் மட்டும் தூள் நின்றுவிடுமா? அறுக்கிற மிஷினுக்குத் தூள் உறிஞ்சும் பை மாட்டினோம். முகத்துக்கு என்95 மாஸ்க். கைக்குட்டை கட்டிக்கொள்வது மனத்திருப்திக்குத்தான். உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கக்கூடாது, கீழே அடங்கின தூளை எழுப்பி விடுகிற வேலை அது. ஈரத்துணியால் துடைப்பது மேல். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். எங்கள் வீட்டில் அந்தத் துணிகள் தண்ணீர் ஊற்றிய, மூடிபோட்ட தகர டப்பாவுக்குள் போகும்.

தையில் மகள் வந்தாள், பேரன் பிறந்தான். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அன்றிலிருந்து சட்டம். புது அறையின் வெளிப்புறத்தில் ஒரு கொடியும் ஒரு குழாயும் வைத்திருக்கிறோம். சட்டையைக் கழற்றி, கை கால் முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் தாத்தா பேரனைத் தூக்கலாம். முதல் வாரம் முணுமுணுத்தார். இப்போது வேலையாட்களுக்கு அவரே அதட்டிச் சொல்கிறார்.

கொத்தனாருக்குப் பிடிக்காத அந்த அரை அங்குல இடைவெளியில், இரு சுவரிலும் பென்சிலால் கோடு கிழித்து, கோடைக்கு ஒரு தரம், மழைக்கு ஒரு தரம் அளக்கிறேன். கோடையில் ஒரு நூல் அகலும், கார்த்திகையில் பழையபடி நெருங்கும். சுவரில் இதுவரை வெடிப்பு இல்லை. பசைதான் ஓரத்தில் கொஞ்சம் உரிந்திருக்கிறது, அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும்.