நாப்பயிற்சியும் கைப்பேசிச் செயலியும்

சென்ற ஆண்டு வட்ட அளவில் நடந்த பேச்சுப்போட்டி ஒன்றிற்கு நடுவருள் ஒருவனாய் அமர்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேடையேறினாள். ஒலிப்பில் ஒரு பிழையில்லை, ழகரமும் ளகரமும் தத்தம் இடத்தில் நின்றன, தடுமாற்றம் இல்லை, தாளைப் பார்க்கவுமில்லை. இரண்டாம் நிமையத்தில் அவள் சொன்ன ஒரு கருத்து கேட்டோர் நெஞ்சைத் தொட்டது. அவை கைதட்டியது. ஆயின், அப்பெண் நிற்கவில்லை! கைதட்டல் அடங்குமட்டும் பொறுத்திருத்தல் வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை. நான்கு சொற்றொடர்கள் அவ்வொலியில் மூழ்கிப் போயின. அவற்றுள் ஒன்றுதான் அவள் பேச்சின் உயிர்நிலை.

போட்டி முடிந்தபின் அவளை அழைத்து, "யாரிடம் பயின்றாய், அம்மா?" என்றேன். "கைப்பேசியில்தான் பழகினேன், ஐயா. செயலி ஒன்று இருக்கின்றது. நாற்பது நாளாக அதன்முன் நின்று பேசினேன்" என்றாள். சற்றுப் பொறுத்துத் தாழ்ந்த குரலில், "அது கைதட்டாது, ஐயா" என்றாள்.

அச்சொல் என்னை விட்டு அகலவில்லை. அதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

நம் அன்பருள் ஒருசாரார் கைப்பேசியென்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிக்கின்றனர். மாணவரைக் கெடுத்தது அதுவே, தமிழைக் கெடுத்ததும் அதுவே என்பது அவர்தம் முடிபு. மற்றொருசாரார், குறிப்பாக இளைய ஆசிரியர், எதற்கும் ஒரு செயலி உண்டு, ஆசிரியன் இனி எதற்கு என்னும் அளவிற்குப் போய்விட்டனர். முப்பதாண்டு மாணவரை மேடையேற்றிப் பழகிய யான் இவ்விருவரோடும் ஒத்துப்போக இயலாதவனாய் நிற்கின்றேன்.

இச்செயலிகள் செய்வது யாது? நாம் பேசுவதைக் கைப்பேசி பதிகின்றது. பதிந்த ஒலியை எழுத்தாக மாற்றுகின்றது. அவ்வெழுத்தையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு, நிமையத்திற்கு எத்தனை சொல் பேசினோம், எத்தனை முறை வெற்றொலி இட்டோம், எங்கே நிறுத்தினோம், குரல் ஒரே தட்டையாய் ஓடிற்றா என்றெல்லாம் கணக்கிட்டுத் திரையிற் காட்டுகின்றது. அமெரிக்காவில் தோன்றிய ஓராய் என்னும் செயலி இவ்வகையது. எல்சா என்பது ஆங்கில ஒலிப்பைத் திருத்துவது. 2019ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட்டு நிறுவனமும் தன் பவர்பாயிண்ட்டு மென்பொருளிலேயே இத்தகைய பயிற்றுநர் ஒன்றைச் சேர்த்தது. பேசுவோர் திரையில் உள்ளதை அப்படியே படித்தால் அதனையும் அது சுட்டிக்காட்டும். நம் கருத்தரங்கு மேடைகளுக்கு இஃதொன்று மிகத் தேவை!

எண்ணிக் காட்டும் இவ்வேலை புதியதன்று. 1924ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் இரால்பு சுமெட்லி என்பார் தொடங்கிய டோசுட்டுமாசுட்டர்சு என்னும் பேச்சாளர் மன்றத்தில், இதற்கென்றே உறுப்பினர் ஒருவரை அமர்த்தும் வழக்கம் உண்டு. பேசுவோர் இடையிடையே 'ஆ' என்றும் 'உம்' என்றும் இழுப்பதை எண்ணி, இறுதியில் அவையறியச் சொல்லுவதே அவர் பணி. இன்று அவர் இருக்கையிற் செயலி அமர்ந்துள்ளது, அவ்வளவே. ஆனால், அம்மன்றத்தில் எண்ணுநர் ஒருவர் மட்டுமா இருந்தார்? அவரைச் சூழக் கேட்போரும் இருந்தனர் அல்லரோ?

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். என் இசைவு பெற்றுப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பாடத்தைத் தன் தந்தையின் கைப்பேசியிற் பதிந்தான். பின்னர் அதனை எனக்கே கேட்பித்தான். நாற்பது நிமைய வகுப்பில் 'புரிகின்றதா?' என்று 63 முறை கேட்டிருந்தேன். ஒருமுறையேனும் விடைக்குக் காத்திருந்ததாகப் பதிவில் இல்லை. முப்பதாண்டில் எந்தத் தலைமையாசிரியரும் எந்த ஆய்வாளரும் எனக்குச் சொல்லாத குற்றத்தை அப்பையன் ஒரே நாளிற் காட்டிவிட்டான்! இதற்குச் செயலியும் வேண்டியதில்லை. எளிய கைப்பேசியிலும் உடன்வரும் ஒலிப்பதிவே போதும். நகரத்துப் பிள்ளைக்குப் பேச்சுப்பயிற்சி வகுப்பு உண்டு. எழுதிக் கொடுக்கவும் திருத்தவும் ஆளுண்டு. களத்துமேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு யார் உண்டு? தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவனுக்கு இன்றுதான் முதன்முதலாக வந்திருக்கின்றது. அதனைக் கைப்பேசி வெறுப்பால் தட்டிப் பறித்தல் அறமாகாது.

அற்றேல், குறை எங்கே? குறை இரண்டு. ஒன்று, அக்கருவி நம் மொழியைத் தன் மொழியின் அளவுகோலால் அளக்கின்றது. ஆங்கிலப் பேச்சிற்கு நிமையத்திற்கு ஏறத்தாழ 130 முதல் 160 சொல் என்பது அன்னார் வகுத்துக்கொண்ட நடை. தமிழ் அவ்வாறு சொல்லைச் சொல்லாகப் பிரித்து நிறுத்தும் மொழியன்று. ஒட்டிச் செல்லும் மொழி. 'வீட்டிலிருந்து' என்னும் ஒரு சொல்லை ஆங்கிலத்தார் மூன்று சொல்லாற் கூறுவர். 'வராவிட்டால்' என்பதற்கு நான்கைந்து சொல் வேண்டும். ஆகவே, அழகிய நடையிற் பேசும் தமிழ் மாணவனைப் பார்த்து அவ்வளவுகோல் 'மிக மெல்லப் பேசுகின்றாய், விரைந்து பேசு' என்னும்! அதனை நம்பி அவனும் விரைவான். நம் தொலைக்காட்சியிலும் வலையொளியிலும் இற்றைநாள் இளைஞர் மூச்சுவிடாமற் கொட்டுகின்ற பேச்சைக் கேட்குந்தொறும், இவர்க்கு அளவுகோல் கொடுத்தவர் யார் என்று எண்ணுகின்றேன்.

வெற்றொலியிலும் இதே இடர். ஆங்கிலத்தின் 'உம்' வேறெதனோடும் மயங்காது. நம்மவர் இடும் நிரப்புச்சொற்களோ நல்ல தமிழ்ச்சொற்கள்! 'வந்து' என்பதைப் பாருங்கள். 'அவன் வந்து நின்றான்' என்புழி அது வினையெச்சம்; 'நான் வந்து என்ன சொல்கிறேன் என்றால்' என்புழி அது வெறும் பதர். இரண்டையும் எழுத்தளவிற் கருவி ஒன்றாகவே காணும். 'அதாவது', 'பார்த்தீர்கள் என்றால்' என்பனவும் அத்தகையன. பின்னது இன்று வலையொளியாளர் வாயில் 'பாத்தீங்கன்னா' என்று நிமையத்திற்கு நான்குமுறை வருகின்றது. இவற்றுட் பொருளுள்ளது எது, பதர் எது என்று பிரித்தறிய இலக்கண அறிவு வேண்டும். அவ்வறிவை ஊட்டுவது எளிதன்று, ஆயின் இயலாததுமன்று. தமிழ்கற்ற கணினியறிஞர் செய்ய வேண்டிய பணி இது.

ஒலிப்புப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் தமிழிற் சொல்லக்கேட்டு எழுதும் ஏந்தைத் தந்தது. பிள்ளைகள் உரக்கப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் 'போலோ' என்னும் செயலியை 2019இல் இந்திக்கும் ஆங்கிலத்திற்கும் வெளியிட்டது. தமிழுக்கு மறு ஆண்டுதான் இடங்கிடைத்தது. (எப்பொழுதும் நாம் அடுத்த வரிசை!) சொல்லக்கேட்டு எழுதும் கருவியிற் பல ஆசிரியர் தம் மாணவரின் ழகரத்தைச் சோதிக்கின்றனர். மாணவன் 'தமிள் மொளி' என்கின்றான்; திரையில் 'தமிழ் மொழி' என்று எழுதப்படுகின்றது; ஆசிரியர் மகிழ்கின்றார். இது பெரும்பிழை. அக்கருவி காதால் மட்டும் கேட்பதில்லை; எச்சொல்லின்பின் எச்சொல் வரும் என்னும் பழக்கத்தாலும் கேட்கின்றது. ஆகலின், நாம் பிழையாய் ஒலித்தாலும் அதுவே திருத்தி எழுதிக்கொள்கின்றது. பிழையை மறைத்துப் பாராட்டும் ஆசிரியனைவிடத் தீயவன் உண்டோ?

இதற்கு யான் கண்ட வழியொன்றைக் கூறுவல். தொடராகச் சொல்லாமல், இரண்டும் பொருளுடையனவாய்ச் சொல்லைத் தனித்தனியே சொல்லச் செய்க. வலி, வளி, வழி, கிளி, கிழி, வாளை, வாழை, அலை, அளை, அழை. சூழல் இல்லாதபோது கருவி பெரிதும் காதையே நம்பும். மாணவனின் நா அப்பொழுது ஓரளவு வெளிப்படும். அதன்பின் அவனைக் கண்ணாடிமுன் நிறுத்தித் தொல்காப்பியர் கூறியதைச் சொல்லித்தருக. எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலில், உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றால் வெவ்வேறு எழுத்தாவதை அவர் வகுத்துள்ளார். நாவின் ஓரம் தடித்து அண்ணத்தை வருடினால் ளகரம். நாநுனி மேல்நோக்கி வளைந்து வருடினால் ழகரம். நா எங்கே செல்லவேண்டும் என்பதைச் சொல்லித்தராமல் 'தவறு, மீண்டும் சொல்' என்று திரையிற் சிவப்புக் கோடிடும் செயலியைவிட இது மேலன்றோ? இவ்விரண்டையும் சேர்த்து ஒரு தமிழ்ச் செயலி ஆக்கினால் அதனை முதலில் வாங்குவேன் யான்.

இரண்டாங் குறையே பெரிது. அதனைத்தான் அம்மாணவி ஒரே தொடரிற் சொன்னாள்.

திருவள்ளுவர் பேச்சுக்கு ஓரதிகாரத்தோடு நிற்கவில்லை. சொல்வன்மை என்று ஒன்று வகுத்தபின், அவையறிதல், அவையஞ்சாமை என்று அவைக்கென்றே இரண்டு வகுத்தார். சொல்லைவிட அவைக்கு இருமடங்கு இடம்! கைப்பேசி சொல்வன்மையில் ஒரு பகுதியைப் பயிற்றும், அவையறிதலைப் பயிற்றாது. அவையென்பது யாது? முன்வரிசையில் உறங்கும் முதியவர், பின்வரிசையிற் சிரிக்கும் இளைஞர், இடையே அழும் குழந்தை, திடீரென்று அணைந்துபோகும் ஒலிபெருக்கி, எதிர்பாராத இடத்தில் எழும் கைதட்டல், எதிர்பார்த்த இடத்தில் எழாத கைதட்டல். இவை யாவற்றையும் கண்ணாற் கண்டு, அந்நொடியே சொல்லை மாற்றுபவனே பேச்சாளன். கிரேக்கப் பேச்சாளர் தெமாசுத்தனீசு வாயிற் கூழாங்கல்லிட்டுப் பழகினார் என்பதை யாவரும் சொல்லுவர். அவர் பெரிய கண்ணாடிமுன் நின்று பேசிப் பழகினார் என்றும், கடற்கரையில் அலையோசைக்கு எதிரே நின்று பேசினார் என்றும் பழஞ்செய்தி உண்டு. கண்ணாடியோடு நின்றிருந்தால் ஏதென்சின் இரைச்சல்மிக்க மக்களவையில் அவர் குரல் எடுபட்டிருக்குமா?

நம் கூட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். கசக்கும், பொறுத்துக்கொள்க. நம் தமிழ்க் காப்புக் கூட்டங்களில் ஒருவர்க்குப் பத்து நிமையம் என்று அழைப்பிதழில் அச்சிடுகின்றோம். முதற்பேச்சாளர் நாற்பது நிமையம் பேசுகின்றார். அதில் வரவேற்பும் விளிகளும் பன்னிரண்டு நிமையம். நன்னூலார் பத்துக் குற்றம் வகுத்துவைத்தாரே, அவற்றுள் மிகைபடக் கூறலும், கூறியது கூறலும், மற்றொன்று விரித்தலும் நம் மேடைகளில் நாடோறும் நடக்கின்றன. இலக்கணம் கற்ற நாமே அவற்றைச் செய்கின்றோம்! இளைஞர் நம் கூட்டத்திற்கு வாராமைக்குத் தமிழ்ப்பற்றின்மை ஒன்றே கரணியம் என்று இனியும் சொல்லிக்கொண்டிருத்தல் நேர்மையன்று. அச்செயலியை முதலிற் பயன்படுத்த வேண்டியவர் மாணவர் அல்லர், நாமே.

இனி, பெற்றோர். சிற்றூர்களிலும் இன்று பிள்ளைக்கு 'நன்றாகப் பேசவரவேண்டும்' என்று செயலிக்குக் காசு கட்டுகின்றனர். அவர்க்குப் பேச்சு என்றாலே ஆங்கிலப் பேச்சு. வேலைக்கு ஆங்கிலம் வேண்டுமெனின் கற்கட்டும், யான் மறுத்திலேன். ஆனால், தன் வீட்டுத் துயரைத் தன் மொழியில் நான்கு தொடரிற் கோவையாய்ச் சொல்லவராத பிள்ளைக்கு, அயன்மொழியில் நாவளம் எங்கிருந்து வரும்? ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று 'எங்கள் தெருவிற்குத் தண்ணீர் வரவில்லை' என்று அஞ்சாமற் கேட்கும் பேச்சே முதற்பேச்சு. அதற்கு எந்தச் செயலியும் மதிப்பெண் இடாது.

கருவிக்குத் தமிழ் தெரியவில்லை என்று குறைகூறுகின்றோம். கற்பித்தவர் எத்தனை பேர்? மொசில்லா அமைப்பினர் 2017ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் பொதுக்குரல் திட்டத்தில், எவரும் தம் குரலில் தொடர்களைப் படித்துக் கொடையாக அளிக்கலாம். பிறர் படித்ததைக் கேட்டுச் சரி, தவறு என்று சொல்லவும் இடமுண்டு. அக்குரல்கள் யாவர்க்கும் திறந்திருப்பவை. தமிழும் அதில் உண்டு. ழகரம் வழுவாத நம் புலவர்கள் நூறு பேர், நாளுக்குப் பத்துத் தொடர் படித்தளித்தால் ஓராண்டில் மூன்றிலக்கத்து அறுபத்தையாயிரம் தொடர்! கண்டனத் தீர்மானம் எழுதும் நேரத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும். யான் சென்ற ஆவணியிலிருந்து படித்து வருகின்றேன். முதல்நாள் என் குரலைக் கேட்க எனக்கே நாணமாயிருந்தது.

பள்ளியில் இப்பொழுது வெள்ளிதோறும் மாலையில் வேப்பமரத்தடியிற் கூடுகின்றோம். கிழமை முழுதும் பிள்ளைகள் கைப்பேசியிற் பதிந்து திருத்திய பேச்சை அங்கே நின்று பேச வேண்டும். கேட்போருக்கும் வேலை உண்டு: ஒருவன் இருமுவான், ஒருத்தி பாதியில் எழுந்து போவாள், இருவர் தமக்குள் பேசிக்கொள்வர், எங்கே தட்டுவதென்று யாரும் சொல்லாமலே சிலர் கைதட்டுவர். பேசுபவன் நிறுத்திப் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும். முதற்கிழமை எட்டுப்பேருள் எழுவர் தடுமாறினர். நான்காங்கிழமை மூவர். அண்மையில் வாழும் அன்பர்கள் வந்து கேட்போராய் அமர்ந்தால் மகிழ்வேன். பேசவும் செய்யலாம், ஆளுக்கு ஐந்து நிமையம். மணியடிக்கும் பொறுப்பு ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் உள்ளது. அவள் யாருக்கும் இரங்குவதில்லை.