பளபளப்பும் பாதுகாப்பும்

வரப்பிலும் சேற்றிலும் ஓடவல்ல நாற்சக்கரச் சிறு வண்டியின் இரும்புச் சட்டத்திற்கு எந்தப் பூச்சு உகந்தது என அங்கத்தினர் சிலர் நம்மை வினவுகின்றனர். பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய இரும்பைக் கண்டோர் அறிவர்: கடலின் உப்புக் காற்று பளபளப்புக்கு அஞ்சுவதில்லை.

பவுடர் கோட்டிங் சுமார் 200 டிகிரி வெப்பத்தில் உருகிப் படிவது, பார்வைக்கு அழகியது. ஆயின், கல் பட்டுப் பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்தால், துரு அதனடியில் மறைந்து பரவும். துத்தநாகமோ தான் முன்னே அரிந்து இரும்பைக் காக்கும். சிறு கீறல் விழுந்தாலும் காவல் நீங்காது. சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்குவது வலிமையான முறையே. எனினும் மெல்லிய குழாய்ச் சட்டம் அவ்வெப்பத்தில் கோணக்கூடும். துளையின்றி மூடிய குழாய் வெடிக்கவும் கூடும்.

ஆகவே, துகள் வீச்சினால் துருவை அறவே அகற்றி, துத்தநாகம் மிகுந்த அடிப்பூச்சு, அதன்மேல் எபாக்ஸி, வெயில் தாங்கப் பாலியூரித்தேன் எனப் பூசுவதே நன்று என்போம். பெயர்ந்த இடத்தை நாமே தேய்த்துப் பூசிக்கொள்ளலாம்.

விலைப்புள்ளி கோருங்கால் துப்புரவுச் செலவைக் குறைத்தல் சிக்கனமன்று. துருவின்மேல் பூசிய உயர்ந்த பூச்சும் நில்லாது. வண்டி பலரது பங்குப் பணத்தில் வாங்கியது. அது துருவுக்கு இரையாகலாமா?