சர்க்காரின் ஒட்டுக் காது

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024-ம் வருஷம் ஜூன் மாதம் மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அந்தச் சாராய வியாபாரிகளின் டெலிபோனைப் போலீசார் முன்னமே ஒட்டுக் கேட்டிருந்தால் இத்தனை உயிரும் பிழைத்திருக்குமே, இதற்குப் போய் உத்தரவு, அனுமதி, கமிட்டி என்று குறுக்கே நிற்பானேன் என்று ஒருவர் கேட்டால், அதற்குத் தலையாட்டுகிறவர்களே அதிகமாயிருப்பார்கள். தலையாட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதே நமது விண்ணப்பம்.

கருணாபுரத்தில் சாராயம் விற்றது யாருக்கு ரகசியம்? டவுனுக்குள்ளேயே, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் விற்றதாக அப்பொழுதே பத்திரிகைகள் எழுதின. போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டு சஸ்பெண்டு செய்யப்பட்டார், கலெக்டர் மாற்றப்பட்டார். 20-11-2024-ல் சென்னை ஐகோர்ட்டு வழக்கையே மாகாணப் போலீசிடமிருந்து எடுத்து சி.பி.ஐ. வசம் ஒப்புவித்தது. கண்ணெதிரே நடந்ததைக் காணாத சர்க்காருக்குக் காது போதவில்லை என்று சொன்னால் யார் நம்புவது?

மேலும், சட்டம் கையைக் கட்டிற்று என்பதும் பொய். 1885-ல் வெள்ளைக்கார சர்க்கார் செய்த தந்திச் சட்டத்தின் 5-வது பிரிவு, பொது நெருக்கடி ஏற்பட்டாலோ, பொதுஜனப் பாதுகாப்புக்கு அவசியப்பட்டாலோ, காரணத்தை எழுதி உத்தரவு போட்டு ஒட்டுக் கேட்க இடங்கொடுத்தது. உள்ளூர்ப் பேச்சு, வெளிநாட்டுப் பேச்சு என்ற பேதம் அதில் இல்லை. சிங்கப்பூரிலிருக்கும் மகனோடு தாய் பேசினாலும் அதே சட்டந்தான். 18-12-1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, டெலிபோன் பேச்சு மனிதனின் அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்றும், உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும் என்றும், அதை ஒரு கமிட்டி இரண்டு மாதத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு வந்த விதிகளில், அவசரமானால் உயர் போலீஸ் அதிகாரியே முதலில் கேட்கத் தொடங்கலாம், ஆனால் 7 வேலை நாட்களுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று கண்டிருக்கிறது. விஷச் சாராயத்தால் ஒரு ஊர் சாகப்போவதைத் தடுப்பது பொதுஜனப் பாதுகாப்பு அல்ல என்று யார் சொல்லப் போகிறார்கள்? கதவு திறந்துதான் இருந்தது. சட்டம் கேட்பதெல்லாம், ஏன் கேட்டாய் என்பதை எழுதிக் காட்டு என்பதுதான்.

அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? 2011-ல் ஒரு லஞ்ச வழக்குக்காக மத்திய உள்துறை ஒரு கம்பெனி டைரக்டரின் டெலிபோனை ஒட்டுக் கேட்க உத்தரவு போட்டது. கேட்டதைக் கமிட்டியின் முன் வைக்கவே இல்லை. 2-7-2025-ல் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்துச் செய்து, சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவதற்காக ரகசியமாய் ஒட்டுக் கேட்பது பொதுஜனப் பாதுகாப்பு ஆகாது என்று தீர்ப்பளித்தார். அதற்குச் சில நாள் முன்பு டெல்லி ஐகோர்ட்டு, பெருந்தொகை ஊழலும் பொதுஜனப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று வேறு விதமாகச் சொல்லியிருக்கிறது. கோர்ட்டுகளுக்குள்ளேயே தகராறுள்ள அதிகாரத்தை ஒரு குமாஸ்தாவின் பைலை நம்பி விட்டுவிடலாமா?

நம்மைப் பொறுத்தவரை இப்பொழுதுள்ள காவலும் போதாது. உத்தரவு போடுகிறவர் சர்க்கார் செயலாளர். அதைப் பரிசீலிக்கும் கமிட்டியிலும் சர்க்கார் செயலாளர்கள். நீதிபதி ஒருவர்கூட இல்லை. நெல்லைத் திருடியவனே களத்துக்குக் காவல் என்றால் அளவு எப்படிச் சரியாயிருக்கும்? 2018-ல் ஜஸ்டிஸ் ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி தன் அறிக்கையில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும் அக்கமிட்டி ஒவ்வொரு தடவையும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதிற்று. ஒரே உட்காரலில் பதினையாயிரம் உத்தரவுகளைப் படித்து யோசித்து முடிவு செய்ய எந்த மனிதனால் ஆகும்?

குற்றமற்றவனுக்கு என்ன பயம் என்பார்கள் சிலர். 1988-ல் கர்நாடக முதன்மந்திரி ராமகிருஷ்ண ஹெக்டே ராஜினாமாச் செய்தது எதனால்? அரசியல்வாதிகளின் டெலிபோனை ஒட்டுக் கேட்ட விவகாரத்தால் அல்லவா? அவர்களெல்லாம் என்ன கொள்ளைக்காரர்களா?

அமெரிக்காவின் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே 1978-ம் வருஷச் சட்டப்படி இதற்கென்று தனிக் கோர்ட்டே உண்டு. 2001-க்குப் பிறகு ஜனாதிபதி புஷ் அந்தக் கோர்ட்டின் வாரண்டு இல்லாமலே வெளிநாட்டுப் பேச்சுக்களைக் கேட்க அனுமதித்தார். 2005 டிசம்பரில் பத்திரிகை மூலம் வெளியாயிற்று. 2006-ல் அன்னா டிக்ஸ் டெய்லர் என்ற நீதிபதி அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். 2007-ல் அப்பீல் கோர்ட்டு, வாதிகள் தங்கள் பேச்சைத்தான் கேட்டார்கள் என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிற்று. ஒட்டுக் கேட்டது ரகசியம், ரகசியமானதால் ருசுவில்லை, ருசுவில்லாததால் வழக்கில்லை! இங்கேயும் கேட்கப்பட்டவனுக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்று விதியில்லை.

கருணாபுரத்தில் அழுகை ஓயுமுன், 26-6-2024-ல், 2023-ம் வருஷத்துப் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் பல பிரிவுகள் அமுலுக்கு வந்தன. ஒட்டுக் கேட்கும் அதிகாரம் அப்படியே அதற்குள் குடிபுகுந்துவிட்டது. வெள்ளைக்காரன் போனான், அவன் காது போகவில்லை.

ஆகவே, ஒட்டுக் கேட்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நீதிபதியின் உத்தரவு பெற்றுக் கேள். விசாரணை முடிந்தபின் கேட்கப்பட்டவனுக்குச் சொல். எத்தனை பேரைக் கேட்டாய் என்று வருஷந்தோறும் கணக்குக் காட்டு என்கிறோம். மறைத்துக் காரியம் செய்கிறவனை நம்பு என்று எவன் சொன்னாலும், ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பதே அறிவுள்ளவன் கடமையாகும்.