பழி யார் மேல்?

வாராவாரம் சைக்கிள் சவாரி போகிறவர் வீட்டில் ஒரு வழக்கு உண்டு. பாலியெஸ்டர் பனியன் துவைத்து உலர்ந்துதான் இருக்கும். மாட்டிக்கொண்டு நாலு மிதி மிதித்தால் பழைய வாடை கிளம்பிவிடும். பழி, துவைத்தவர் மேல்! இது நியாயமே அல்ல.

சைக்கிள் பயிற்சி செய்து வியர்த்த 26 பேரின் பனியன்களைப் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தார் சோதித்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: பருத்தியைவிடப் பாலியெஸ்டரே அதிகம் நாறியது. உடம்பின் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும் இழை அது, கிருமிகளுக்கு விருந்து. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமோ அந்த அழுக்குக்குப் போர்வை. வீண் காசு!

சவாரி போனவரே, வந்ததும் பனியனைச் சுருட்டி மூலையில் எறியாமல், உட்புறத்தை வெளியே திருப்பி, வெள்ளை வினிகர் கலந்த நீரில் அரைமணி ஊறப்போடட்டும். பிறகு துவைத்தால் வாடை பெரிதும் விடும். பிளீச்சிங் பவுடரை மட்டும் வினிகரோடு சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.