போர் முடிந்த பிறகு யாருடைய கதை?

காளையார்கோவிலில் போர் என்று பேச்செடுத்தால் பெரிய பெயர்கள்தான் முதலில் வரும். 1772-இல் கும்பினிப் படையும் ஆற்காட்டு நவாப் படையும் சேர்ந்து தாக்கியதில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் இங்கே மாண்டார். அவர் மனைவி வேலுநாச்சியார் விருப்பாச்சியில் தங்கிப் படை திரட்டி, ஹைதர் அலியின் துணையோடு 1780-இல் சிவகங்கைச் சீமையை மீட்டார். கும்பினியை எதிர்த்து 1801-இல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர் இருவரின் சமாதி காளீஸ்வரர் கோயிலுக்கு எதிரே இருக்கிறது. கண்ணதாசன் தயாரித்து 1959-இல் வந்த ‘சிவகங்கைச் சீமை’ படமும் அவர்கள் கதைதான்.

பக்கத்துக் கொல்லங்குடிக்குப் போனால் இன்னொரு பெயர் கிடைக்கும்: உடையாள். வேலுநாச்சியார் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் வெட்டுண்ட எளிய வீட்டுப் பெண் என்பார்கள். வெட்டுடையார் காளியம்மன் கோயிலோடு சேர்த்தே அவளை நினைக்கிறார்கள். ஏமாற்றப்பட்டவர்களும் வழக்கில் தோற்றவர்களும் அங்கே வந்து, நியாயம் கேட்டுக் காசு வெட்டிப் போடுகிறார்கள். அரண்மனைக்கு வெளியே இருந்த ஒருத்தியை மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் சினிமா அவளைப் போன்றவர்களிடம் அதிகம் வந்து சேரவில்லை.

போருக்குப் பிந்தைய எளியவர்களைப் பார்ப்பதால்தான் ‘தீபன்’ எனக்கு முக்கியமான படம். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியார் எடுத்தது. பெரும்பகுதி தமிழில் பேசுவது. 2015-இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. ஈழப்போர் முடிகிற நேரத்தில் முன்னாள் போராளி ஒருவன், ஒரு பெண், தாயில்லாத ஒரு சிறுமி மூவரும் இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டில் ஒரே குடும்பமாக நடித்து பாரிசுக்குப் போகிறார்கள். தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு விலகி, பிரான்சில் தஞ்சம் புகுந்தவர்.

படத்தின் ஒரு காட்சியில், இருட்டில் மினுங்கும் சிறு விளக்குகள் தெரிகின்றன. அவை நெருங்கி வந்த பிறகுதான், விளக்கு வைத்த தலைப்பட்டையைத் தானே மாட்டிக்கொண்டு தெருவில் விற்றுவரும் தீபனின் முகம் தெரிகிறது. துப்பாக்கி ஏந்திய கைக்குப் போருக்குப் பின் கிடைத்த பிழைப்பு அது. அவன் மனைவியாக நடிக்கும் யாழினிக்கோ அவனோடு இருக்கவே விருப்பமில்லை. இங்கிலாந்தில் இருக்கும் உறவுக்காரியிடம் போய்விட வேண்டும். அந்தச் சிறுமிக்குத் தாயாக இருக்கவும் அவளுக்கு வரவில்லை. கோபப்படுகிறாள், பயப்படுகிறாள், ஆசைப்படுகிறாள். அகதிப் பெண் என்றால் அழுதுகொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து காளீஸ்வரி சீனிவாசனின் நடிப்பு அவளை விடுவிக்கிறது.

அதே படத்தில் என் மனம் ஒப்பாத இடமும் உண்டு. பாரிசின் புறநகரில் அவர்களோடு குடியிருக்கும் அரபு, ஆப்பிரிக்க வம்சாவளியினர் பெரும்பாலும் போதைக் கும்பலாகவே வந்துபோகிறார்கள். முடிவில் தீபன் மறுபடி சண்டைக்காரனாகிவிடுகிறான். ஒதுக்கப்பட்ட ஒருவரின் முகத்தைத் துலக்க, ஒதுக்கப்பட்ட இன்னொருவரின் முகத்தில் கரி பூசலாகாது. ஈழத்தைப் பற்றிய நம் படங்களுக்கும் இதே அளவுகோல்தான். 1990-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களையும், 1948-இல் குடியுரிமை இழந்த மலையகத் தமிழர்களையும், சாதியால் ஒதுக்கப்பட்டவர்களையும் விட்டுவிட்டு அந்த மண்ணின் துயரத்தை முழுதாகச் சொல்லிவிட முடியாது.

இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களுக்கான முகாம்கள் நம் சிவகங்கை மாவட்டத்திலும் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பட்டம் வாங்கிய பிறகும் பெயின்ட் வேலைக்குப் போகிறார்கள். கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. 2025-இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பத்தைத் தமிழ் ரசிகர்கள் கொண்டாடி ஏற்பார்கள் என்று காட்டியது. அந்த அன்பு முகாமின் வாசல்வரைக்கும் போக வேண்டும்.

தமிழ்த் திரைத்துறையிடம் நான் கேட்பது இதுதான். முகாமில் வளர்ந்தவர்களைக் கூட்டத்தில் நிற்க மட்டும் கூப்பிடாதீர்கள். கதை விவாதத்தில் உட்கார வையுங்கள். வசனம் எழுதச் சொல்லுங்கள். கேமராவைக் கையில் கொடுங்கள். அவர்கள் பட்டதை அவர்களைவிட நன்றாகச் சொல்ல வேறு யாரும் இல்லை.