மணல் போகிறது, அறிவு வரவில்லை

தென்கரையிலிருந்து செருமனிக்குச் சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஆராய்ந்த சோம்பர்க்கு என்னும் வேதியியலார், அதில் மோனசைட்டு இருக்கக் கண்டார். அடுத்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. வளிவிளக்கின் மேண்டில் வெள்ளொளி வீசுதற்கு வேண்டிய தோரியம் அம்மணலில் இருந்ததே அவ்விரைவுக்குக் கரணியம். கயிறு திரித்தவர் இக்கரையினர். அக்கருமணலை நாளும் மிதித்து நடந்தவரும் இக்கரையினரே. அதனுள் இருப்பது யாது எனக் கேட்டவன் மட்டும் அயலான்!

நூறாண்டு கடந்தும் நிலை பெரிதும் மாறவில்லை. 1950இல் தோன்றிய இந்திய அருமண் நிறுவனம் அங்கு இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு என மணலைப் பகுக்கிறது. சிறிதளவு சிர்க்கோனியச் சேர்மங்கள் நீங்கலாகப் பெரும்பகுதி மணலாகவே ஊரைவிட்டுப் போகிறது.

இம்மணலுக்கும் இன்றைய மின்மவளி இயற்பியலுக்கும் நெருங்கிய உறவுண்டு. அணுவிலிருந்து எதிர்மின்னிகள் பிரியுமளவு ஆற்றலேற்ற வளியே மின்மவளி; 1928இல் இலாங்மூர் பிளாசுமா எனப் பெயரிட்டது இதனையே. இரு மின்முனைகட்கிடையே ஆர்கான் வளியைச் செலுத்தி மின்வில் எழுப்பின், பதினாயிரம் பாகை வெப்பமுடைய தழல் பிறக்கும். அதனூடே சிர்க்கான் மணலைத் தூவினால் அது சிர்க்கோனியா, சிலிக்கா என இரண்டாகப் பிளவுறும். விரைந்து குளிர்வித்தால் அவை மீண்டும் கூடா. சிலிக்காவை எரிசோடாக் கரைசலில் கரைத்து நீக்கச் சிர்க்கோனியா எஞ்சும். மணலை எரிசோடாவுடன் உருக்கி அமிலத்தில் கரைக்கும் பழைய முறையினும் இதில் கழிவு குறைவு. அச்சிர்க்கோனியாவே செயற்கைப் பல்லாகவும், உந்துபொறி அலகின் வெப்பக் காப்புப் பூச்சாகவும், வண்டிப் புகையில் உயிர்வளியை அளக்கும் நுண்கருவியாகவும் ஆகிறது. சிலிக்கான் சில்லுகளில் மயிரிழையினும் நுண்ணிய கோடுகளைச் செதுக்குவதும் மின்மவளியே.

இவ்வாய்வு இந்தியாவில் இல்லாததன்று. மும்பை பாபா அணு ஆய்வு நடுவம் சிர்க்கானை இவ்வழியிற் பிளந்து பார்த்தது. குசராத்துக் காந்திநகரில் மின்மவளி ஆய்வு நிறுவனம் 1986இலும், அதன் தொழிற்பயன் நடுவம் 1997இலும் எழுந்தன. மணல் குமரியில், தழலோ மும்பையிலும் காந்திநகரிலும்!

பேராலை எவரும் கேட்கவில்லை. நாகர்கோவிலில் இசுக்காட்டுக் கிறித்தவக் கல்லூரியிலும் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியிலும் இயற்பியல் பயில்வோர் பலர். அவர்க்கு ஒரு மின்வில் தழற்கருவியும், ஒரு நுண்ணோக்கியும், கதிர்வீச்சளவியும் அமைந்த சிற்றாய்வகம் போதும். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் எழ அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருவாவும் ஈந்தார். அத்தகு செல்வர் நாஞ்சில் நாட்டில் இலரா? இலர் என்பதினும், கேட்பார் இலர் என்பதே பொருந்தும்.

கிள்ளியூர் வட்டத்தில் 1144 எக்டேர் நிலத்து மணலெடுக்கும் திட்டத்தைக் கடற்கரையூர் மக்கள் 2024இல் எதிர்த்தெழுந்தனர். அவர்தம் அச்சம் நேர்மையானது. ஆய்வகத்தைக் காட்டி மேலும் மணல் அள்ள முனைவது வஞ்சகம். ஆய்வுக்குச் சில மூட்டை மணலே மிகுதி. வீட்டு முற்றத்தில் கதிர்வீச்சு எவ்வளவு என்று ஒரு மீனவத்தாய் கேட்டால், அவள் கண்ணெதிரே அளந்து, தமிழில் விடைசொல்ல ஊரிலேயே ஒருவர் வேண்டும். அவ்வாய்வகத்தின் முதற்பணி அதுவாகட்டும். சிர்க்கான் மணலைத் தழலிலிடுவது அதன்பின்.