பிர்ச் இலைக்குள் சாம்பல் புழு

டென்னிஸுக்குப் பேர்போன விம்பிள்டனில், டென்னிஸ் பார்க்க வருகிறவர்கள் எட்டிப்பார்க்காத பெரிய காட்டுவெளி ஒன்று இருக்கிறது. விம்பிள்டன் காமன் என்று பெயர். வெள்ளைப் பட்டை உரிய நிற்கும் பிர்ச் மரங்கள் அங்கே தாமாகவே முளைத்து மண்டிக்கிடக்கின்றன. கால்நடை மேய்ச்சல் நின்றுபோன பிறகு திறந்தவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வருகிற மரம் என்று, காட்டைப் பராமரிக்கிறவர்களுக்கு அதன்மேல் எரிச்சல் உண்டு. எனக்கு இல்லை. பிரிட்டனில் 300க்கும் மேற்பட்ட பூச்சி இனங்களுக்குச் சோறு போடுகிற மரம் அது. இமயமலையில் பூர்ஜ பத்திரம் தருகிற மரத்துக்குப் பங்காளி என்பது கூடுதல் மரியாதை.

இந்த வாரம் அந்தப் பந்தியில் உட்காரும் ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: எரியோகிரானியா. அந்துப்பூச்சிகளிலேயே மிகப் பழைய கிளைகளில் ஒன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில், மொட்டு வெடிக்கும் சமயத்தில், வெயில் அடிக்கும் பகலில் பிர்ச் கிளைகளைச் சுற்றிப் பறக்கும். இரண்டு இறக்கையையும் விரித்து அளந்தாலும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். வெறும் கண்ணுக்குப் பழுப்புத் தூசி. லென்ஸ் வழியே பார்த்தால் தங்கத்தில் ஊதா இழைத்த பட்டு. பெண் பூச்சி வயிற்று நுனியில் இருக்கும் கூர்மையான உறுப்பால் மொட்டைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். இலை விரியும்போது புழுவும் விரிகிற இலைக்கு உள்ளேயே, மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே, தின்றுகொண்டு வளரும்.

பிரிட்டனில் பிர்ச்சைத் தின்னும் எரியோகிரானியா ஆறு வகை. அவற்றில் செமிபர்புரெல்லா, சாங்கி என்று இரண்டு இருக்கின்றன. பறக்கும் பூச்சியைப் பிடித்து இறக்கையைப் பார்த்து இது அதுவா இதுவா என்று சொல்லிவிட முடியாது. நிபுணர்களாலும் முடியாது. வயிற்றைப் பிரித்தெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். பெயர் தெரியவேண்டும் என்பதற்காகவே பூச்சியைக் கொல்லவேண்டியிருக்கிறது. இதில் எனக்கு ஈடுபாடு இல்லை. செய்கிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் பாதிப் பட்டியல் வெறும் யூகமாக இருந்திருக்கும்.

ஆனால் புழு அப்படியில்லை. ஏப்ரல் கடைசியில் ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளே எல்லாம் தெரியும். தின்ற இடம் வெளிறிய கொப்புளமாக இருக்கும். அதற்குள்ளே புழுவின் எச்சம் நீளநீளமான நூலாக, இடியாப்பம் பிழிந்துவிட்ட மாதிரி பின்னிக்கிடக்கும். அந்த நூலைப் பார்த்தால் எரியோகிரானியா என்று சொல்லிவிடலாம். பிர்ச் இலையில் கொப்புளம் போடும் ரம்பக்குளவிப் புழுக்களும் உண்டு. அவற்றின் எச்சம் பொடிப்பொடியாகக் கிடக்கும், மார்பில் கால்களும் இருக்கும். எரியோகிரானியா புழுவுக்குக் காலே கிடையாது. இனி நிறம். செமிபர்புரெல்லா புழு வெளுப்பு. சாங்கி புழு ஈயம் போலக் கறுத்த சாம்பல். இறக்கையை வைத்து நிபுணர் சொல்ல முடியாததை, இலையைத் தூக்கிப் பிடிக்கத் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும்.

மற்ற வகைகளுக்கும் இப்படி அடையாளங்கள் இருக்கின்றன. ஒரே கொப்புளத்துக்குள் பல புழுக்கள் சேர்ந்து தின்றால் பெரும்பாலும் சிகாட்ரிசெல்லா. மற்றவையெல்லாம் சாப்பிட்டு முடித்துப் போன பிறகு, கோடையில், நீளமான கோடாகத் தொடங்கி அப்புறம் அகலமாகும் சுரங்கம் என்றால் ஸ்பார்மனெல்லா.

போன வசந்தத்தில் இப்படி ஓர் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பிள்ளையார் கோவிலில் அடிக்கடி பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் நடைப்பயிற்சியை நிறுத்தி, “என்ன பிள்ளை, இலையில என்ன எழுதிக்கிடக்கு?” என்றார். காட்டினேன். உள்ளே சாம்பல் புழு நெளிந்தது.

“இதைக் கண்டுபிடிச்சு என்ன செய்யப்போறியள்?”

“எழுதி அனுப்பப்போறேன் ஐயா.”

“ஆருக்கு?”

நியாயமான கேள்வி. பிரிட்டனில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அந்துப்பூச்சிப் பதிவாளர் என்று ஒருவர் இருக்கிறார். சம்பளம் கிடையாது. நாம் அனுப்பும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, ஏற்கலாமா, படம் கேட்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று முடிவு செய்வது அவர் வேலை. அவர் ஏற்றது, பட்டாம்பூச்சிப் பாதுகாப்பு அமைப்பு 2007இல் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சிப் பதிவுத் திட்டத்துக்குப் போகும். முதலில் பெரிய பூச்சிகளுக்கு மட்டும்தான் அங்கே இடம் இருந்தது. குட்டிகளைப் பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் உள்ள சுமார் 2,500 அந்து வகைகளில் 1,600 போலக் குட்டிகள்தான். பெரும்பான்மையை வாசலில் நிறுத்திவிட்டு விருந்து நடத்தியிருக்கிறார்கள்.

வட்டாரம் என்றேன், அதிலும் ஒரு வேடிக்கை. ஹியூவெட் காட்ரெல் வாட்சன் என்ற தாவரவியலாளர் 1852இல் பிரிட்டனை 112 துண்டுகளாகப் பிரித்து எண் போட்டார். நகராட்சி எல்லைகள் எத்தனை முறை மாறினாலும் இயற்கைப் பதிவுக்கு அந்தத் துண்டுகள்தான் இன்றுவரை கணக்கு. விம்பிள்டன் 1965இலிருந்து லண்டன் மாநகரத்தில் இருக்கிறது. பூச்சிக் கணக்கில் இன்னும் சர்ரே, எண் 17. கேலியாகத் தோன்றலாம். நூறு வருடத்துக்கு முந்தைய பதிவையும் இன்றைய பதிவையும் ஒரே கட்டத்துக்குள் வைத்துப் பார்க்க வேறு வழி இல்லை.

பழைய பதிவு என்றதும் ஞாபகம் வருகிறது. செமிபர்புரெல்லாவுக்கு ஸ்டீபன்ஸ் பெயர் வைத்தது 1835. சாங்கியைத் தனி இனம் என்று பிரித்து வுட் எழுதியது 1891. இடைப்பட்ட ஐம்பத்தாறு வருடங்களில் யாராவது ‘செமிபர்புரெல்லா கண்டேன்’ என்று குறித்திருந்தால், அவர் கண்டது சாங்கியாகவும் இருந்திருக்கலாம். அவர்மேல் குற்றமில்லை, அப்போது இருந்தது ஒரு பெயர்தான். இன்று இரண்டு பெயர் இருக்கும்போது, இறக்கையை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுவதுதான் குற்றம். அப்படிப்பட்ட சமயத்தில் ‘செமிபர்புரெல்லா அல்லது சாங்கி’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதே வழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு அது தோல்வி மாதிரித் தெரிகிறது. என்னைக் கேட்டால், ஒரு பதிவேட்டில் அதைவிட நாணயமான வரி கிடையாது.

கைபேசிச் செயலிகள் இந்த நாணயத்துக்கு எதிரி என்று சொல்லமாட்டேன், ஆனால் நண்பனும் இல்லை. மங்கலான படத்தைக் கொடுத்தாலும் ஒரு பெயரை நீட்டிவிடுகின்றன. அது எந்த மரத்தில் உட்கார்ந்திருந்தது, இலைக்குள் புழு இருந்ததா, வெறும் கொப்புளமா என்று கேட்பதில்லை. பிர்ச்சில் இருந்ததா, ஓக்கில் இருந்ததா என்பது இந்தக் குடும்பத்தில் பாதி விடை. ஓக் இலையில் இதே மாதிரிக் கொப்புளம் போடுவது வேறு இனம், ஹேசலில் வேறு. பெயரை முதலில் வாங்கிவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடுகிற பழக்கம் பரவினால், வட்டாரப் பதிவாளர்கள் பாதி நாளைத் திருத்துவதிலேயே கழிக்க வேண்டியதுதான்.

சாங்கி அபூர்வமான பூச்சி அல்ல. ஆனாலும் எரியோகிரானியா வரைபடங்களில் புள்ளிகள் சமமாகப் பரவியிருப்பதில்லை. பிர்ச் இல்லாமல் அல்ல. ஏப்ரல் கடைசியில் இலையைத் தூக்கிப் பார்க்க ஆள் இல்லாமல். இரவில் விளக்குப் பொறி வைத்து அந்து எண்ணுகிறவர்கள் இங்கே ஏராளம். பகல் வெயிலில் பறக்கிற இந்தக் குடும்பம் அவர்கள் கண்ணில் அதிகம் படுவதில்லை.

ஆகவே ஹாரோ, குராய்டன், லெஸ்டர் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருமுனைப் பூங்காவில் பிர்ச் கட்டாயம் இருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் போய்ப் பாருங்கள். கொப்புளம் விழுந்த இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து, புழுவின் நிறமும் எச்ச நூலும் தெரியப் படம் எடுங்கள். தேதி, இடம், மரம், உங்கள் பெயர் ஆகியவற்றோடு உங்கள் வட்டாரப் பதிவாளருக்கு அனுப்புங்கள். இடத்துக்கு ஆறு இலக்க வரைபட எண் கொடுத்தால் போதும், நூறு மீட்டர் சதுரத்துக்குள் வந்துவிடும். வளர்ந்த புழு இலையைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்து, மண்ணுக்குள் கூடு கட்டி அடுத்த வசந்தம்வரை அங்கேயே இருக்கும். மே கடைசியில் போனால் பெரும்பாலும் காலிக் கொப்புளம்தான் கிடைக்கும். அப்போது சாங்கி என்று எழுதாதீர்கள், ‘புழு இல்லை’ என்று எழுதுங்கள்.